பதினொரு நொடி

1

நான் நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக எல்லோரும் நிறுத்தினாள், நிறுத்தினாள் என்கிறார்கள். நிறுத்துவதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டாமா? நான் எதையும் முடிவு செய்யவில்லை. இந்த விரிப்பில் ஒரு மூலை ஈரமாக இருக்கிறது, மறுபடி உலர்த்தியில் போட வேண்டும். மறந்துவிட்டேன் என்று இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பிவிட்டால், அதற்கப்புறம் நான் யார்?

இப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் மனத்துக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. அவள் என்னிடம் சொன்ன நாலு வாக்கியங்களை வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் மனத்திலிருந்து எடுத்து நிரப்பினேன். அந்த மிச்சத்தில் ஈரமான மூலை மட்டும் அவள் சொன்னது.

இது ஆறாவது தொடக்கம். முதல் தொடக்கம் ஒரு புகார்க் கடிதம். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எழுதியது:

"ஐயா, நம் கட்டடத்தின் அடித்தளத்தில், பழைய சாமான்கள் போட்டு வைக்கும் அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியந்தோறும் நான்கு பேர் கூடி, என் மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும் அளவுக்கு—"

அவ்வளவுதான். கடிதம் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த நேரத்தில் கீழே டிரம்ஸும் நின்றுவிட்டது. தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குப் போய்க் கரைந்தன. தரைக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் மட்டும், தனியாக, எதன்மேலும் சாயாமல் வந்துகொண்டிருந்தது. அரைத்தூக்கத்தில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்குமே, அப்படி. பிறகு டிரம்ஸ் மறுபடி வந்தது. வட்டங்களும் வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பாட்டு, அதே இடத்தில் அதே அமைதி. இரைச்சலைப் பற்றிப் புகார் எழுதலாம். அமைதியைப் பற்றி எப்படி எழுதுவது?*

(* அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இந்தக் கதையின் முதல் குறிப்புகள் அதன் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன.)

2

நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் ஒரு ராக் குழு. ஒரே ஒரு ஆல்பம், எட்டுப் பாட்டு. பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று கலைந்துபோனார்கள். சண்டை எதுவும் இல்லை. (இருந்திருந்தால் எனக்கு வசதி. ஒரு வரைவில் வைத்தும் பார்த்தேன், ஒட்டவில்லை.)

கிதார்காரர் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டே பழகியவர். குழுவில் அவருக்குப் பெயர் வாத்தியார். பேஸ் கிதார் வாசிப்பவர் பல் டாக்டர். அவர் பெயர் மௌனசாமி. "ஊரை எல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்வான், தன் வாயை மட்டும் திறக்க மாட்டான்" என்பாள் பாடகி.

பாடகிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ரயில் தாமதமானால் வருந்துகிறோம் என்று சொல்வது அவளுடைய பதிவு செய்த குரல்தான். "நான் படாத வருத்தத்தை ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றேன். இந்த ஊர்ல என் குரலைக் கேக்காத ஆள் கிடையாது. ஆனா எல்லாரும் ரயில் எப்ப வரும்னுதான் கேக்கறாங்க."

நான்காவது ஆள் டிரம்ஸ் வாசிப்பவள். பட்டப்பெயர் இடி. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். பாடகியின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டவள். ஆகவே பாடகி அவளைச் சாதாரண நேரத்தில் இடி என்றும், கோபம் வந்தால் அண்ணி என்றும் கூப்பிடுவாள்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டும் நான்கு பேரும் ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகும். ஒப்புக்கொள்வதற்கு வாயால் சொல்லக் கூடாது. பெரிய டிரம்மின் தோல்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். நான்கு கைகள் விழுந்தால் பாட்டு உண்டு. மூன்று விழுந்தால் அந்தப் பாட்டை மறந்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

இப்போது அந்தப் பதினொரு நொடி.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஸ்டூடியோவில் அவர்களுக்குக் கிடைத்திருந்த கடைசி அரைமணி நேரம். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் டிரம்ஸ் நின்றுவிட்டது. வாத்தியார் திடுக்கிட்டுத் திரும்பியதில் அவர் கையும் நின்றது. மௌனசாமியும் நிறுத்திவிட்டார். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த பாடகிக்கு எதுவும் தெரியவில்லை. பதினொரு நொடி அவள் குரல் மட்டும். அப்புறம் டிரம்ஸ் வந்து சேர்ந்துகொண்டது, மற்றவர்களும் வந்தார்கள். மறுபடி பாட நேரம் இல்லை. அப்படியே வெளியே போயிற்று.

அந்தப் பதினொரு நொடிக்காகத்தான் இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள்.

போட்டுக் கேட்டபோது பாடகி திரும்பி, இடியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்: "எனக்காகவா நிறுத்தினே?"

இருபத்து மூன்று வயது இடி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

3

இடி முதல் தடவை என் வீட்டு வாசலுக்கு வந்தது மன்னிப்புக் கேட்க.

"சத்தம் ரொம்ப வருதாங்க? கீழ யாரோ சொன்னாங்க, மேல ஒரு எழுத்தாளரம்மா இருக்காங்க, மெதுவா தட்டுன்னு. டிரம்ஸை மெதுவா தட்டறதுன்னா அதுக்கு நான் சப்பாத்திதான் தட்டணும்."

[சப்பாத்தியா, வேறு ஏதாவது சொன்னாளா என்று நினைவில்லை. அடித்துவிடலாம். வேண்டாம், இருக்கட்டும்.]

டீ போட்டுக் கொடுத்தேன். அவள் கைகள் எனக்குப் பிடித்திருந்தன. நீராவியிலும் சோப்பிலும் ஊறி வெளுத்துப்போன, ஆனால் அவசரமே இல்லாத கைகள். அவள் விரல்கள் டம்ளரைப் பிடித்திருந்த விதம் ஒரு

[இந்த வாக்கியத்துக்கு உவமை கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டேன்.]

சலவைக்கூடத்தைப் பற்றி நிறையச் சொன்னாள். பெரிய விரிப்பை ஒரு ஆள் தனியாக மடிக்க முடியாது. எதிரெதிரே இரண்டு பேர் நின்று நாலு மூலைகளையும் பிடித்து இழுத்து, ஒரே நேரத்தில் முன்னே வர வேண்டும். "ஒண்ணு, ரெண்டு எல்லாம் சொல்ல மாட்டோம். எதிர்ல நிக்கிறவ மூச்சு விடுவா பாருங்க, அப்ப நடக்கணும். பழகாத ஆள் வந்தா கணக்குப் போட்டு நடப்பா. துணி தரையில விழும்." உலர்த்தியிலிருந்து சூடாக வரும் வெள்ளை விரிப்பு இருவருக்கும் நடுவே காற்றில் எழும்பி, ஒரு கணம் எதிரில் நிற்பவளை மறைத்துவிட்டுத் தணியுமாம். அப்போதெல்லாம் ஏதோ பாட்டின் நடுவில் இருக்கிற மாதிரி இருக்கும் என்றாள்.

அப்புறம்தான், கேட்காமலேயே, அந்த நாலு வாக்கியங்கள்.

"நான் நிறுத்தலீங்க. அவ பாடறதைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். நான் வாசிச்சிட்டு இருக்கேன்கறதே மறந்துபோச்சு. இதை அவகிட்ட இன்னும் சொல்லல."

எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது வேறு. என் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "இவ எவ்வளவு வேண்டிக்கிட்டா" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான். அந்தப் பொய் என் மேல் பழைய சட்டைபோல் ஒட்டிக்கிடக்கிறது, கழற்றவும் முடியவில்லை.

(இந்தப் பத்தி கதைக்கு வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது.)

3, மறுபடியும்

ஒன்றை விட்டுவிட்டேன். இவர்கள் திரும்பச் சேர்ந்தது எப்படி என்று.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு கச்சேரி. அவர்கள் முதன்முதலாக வாசித்த கல்லூரி அரங்கத்தை இடிக்கப்போகிறார்கள் என்பதால், பழைய மாணவர்கள் வற்புறுத்தி ஒரே ஒரு நாளைக்கு மேடை ஏற்றினார்கள். கடைசிப் பாட்டில் அந்த இடம் நெருங்க நெருங்க, கூட்டம் தானாகவே அமைதியாயிற்று. கைத்தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள். இடி நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணினாள். பதினொன்றில் மறுபடி தொடங்கினாள். துளிகூடப் பிசகவில்லை.

"எண்ணிக்கிட்டு இருந்தேனா, அவ பாடினது காதுலயே விழல," என்றாள் என்னிடம். "ஊரே கேட்டுது. நான் மட்டும் கேக்கல."

4

அவள் இதைச் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கீழே போயிருந்தேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொண்டேன். சுவரோரமாக உடைந்த நாற்காலிகள், யாரோ விட்டுப்போன தொட்டில், மேலே ஒற்றை ஜன்னல். அதன் வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்து சிம்பல் தட்டின்மேல் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. வாத்தியார் மைக்குகளைப் பொருத்திக் கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஆறு புதுப்பாட்டு போட்டிருக்கேன். இங்கயே பதிவு பண்ணிடலாம்."

"பாட்டு போட்டிருக்கியா, பரீட்சைத் தாள் போட்டிருக்கியா? எல்லாத்துக்கும் நம்பர் குடுத்து வெச்சிருக்கே," என்றாள் பாடகி.

"கேளு முதல்ல. மூணாவது பாட்டுல, ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் இடி நிறுத்தறா. நானும் இவனும் நிறுத்தறோம். நீ மட்டும் பாடறே. பதினொரு நொடி. கேக்கறவனுக்கு அப்படியே மயிர் கூச்செறியும்."

"கூச்செறிய உன் தலையில எங்க இருக்கு?"

மௌனசாமி சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

வாத்தியார் பெரிய டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்தார். மௌனசாமி வைத்தார். பாடகி மோதிரத்தைக் கழற்றிவிட்டு வைத்தாள். மூன்று கைகள். எல்லோரும் இடியைப் பார்த்தார்கள். அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி?" என்றாள் பாடகி.

"யோசிக்கணும்."

"இருபத்தெட்டு வருஷம் பத்தலையா?"

"இருக்கற பாட்டையே வாசிச்சுக்கிட்டு இருப்போமே. நல்லாத்தானே இருக்கு."

"உனக்கு நல்லா இருக்கு." பாடகியின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவள் குரலில் கரகரப்பு கேட்கும். "இருபத்து மூணு வயசுல ஒரு பொண்ணு பாடினா. அவளைத்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவ யாருன்னே எனக்கு மறந்துபோச்சு. அம்பத்தி ஒண்ணுல எனக்கு ஒரு குரல் இருக்கு அண்ணி. பிள்ளை பெத்து, அம்மாவைப் புதைச்சு, தினமும் ரயிலுக்காக வருத்தப்பட்ட குரல். அது எதுலயும் இல்ல. நான் போயிட்டா அந்தப் பொண்ணுதான் இருப்பா. நான் இருக்க மாட்டேன்."

மூன்று கைகளும் டிரம்மின்மேலேயே இருந்தன.

"கை மரத்துப்போகுது," என்றார் மௌனசாமி. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வாக்கியம்.

மூன்று பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு வரைக்கும் என்று பாடகி சொன்னாள். நாலாவது கை விழாவிட்டால் காரணம் கேட்க மாட்டேன், வழக்கத்தை மீற மாட்டேன், ஆனால் பழைய பாட்டையும் இனிமேல் பாட மாட்டேன் என்றாள்.

5

படியேறும்போது இடி என்னிடம் கேட்டாள்: "அவங்க கூப்பிடறது என்னையா, என் மறதியையா? ஞாபகம் வெச்சுக்கிட்டு எப்படிங்க மறக்கறது?"

அந்த வாரம் முழுவதும் நான் முடிவுகளை எழுதினேன். என்னால் முடிந்த உதவி அதுதான். (பொய். கதை முடியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்.)

முடிவு ஒன்று: அவள் கையை வைக்கவில்லை. டிரம்ஸைக் கழற்றி, ஹோட்டலின் பழைய விரிப்புகளில் சுற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். என் டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருக்கிறது. நான் நிம்மதியாக எழுத உட்கார்கிறேன், எழுத எதுவும் இல்லை.

முடிவு இரண்டு: எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். பாடகி அழுகிறாள். எல்லோரும் கட்டிக்கொள்— [என்னை மன்னியுங்கள். எழுதியதை மறைக்க வேண்டாம் என்பதற்காக மட்டுமே இதை விட்டு வைக்கிறேன்.]

முடிவு மூன்று: கையை வைக்கிறாள். சரியான இடத்தில், சரியாகப் பதினொரு நொடி நிறுத்துகிறாள். பாட்டு பிரபலமாகிறது. ஒரு நாள் சலவைக்கூடத்தில், எதிரில் விரிப்பைப் பிடித்து நிற்கும் பெண்ணின் போனில் அது ஒலிக்கிறது. அந்த இடம் வரும்போது எதிரில் நிற்பவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். விரிப்பு நழுவித் தரையில் விழுகிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சோகம், ஆனால் அழகு. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

ஞாயிறு மதியம் இடி வந்தபோது காகிதங்களைக் கொடுத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். எழுதப்பட்டவள் முன்னால் உட்கார்ந்திருப்பது, துணி மாற்றும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி. யார் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் தெளிவாக இல்லை.

"நல்லா எழுதறீங்க," என்றாள். "ஆனா மூணுலயும் என்னை நிறுத்தியே வெச்சிருக்கீங்களே."

"எப்படி?"

"முதல்ல டிரம்ஸையே நிறுத்திட்டேன். ரெண்டாவதுல வாசிக்கறதை விட்டுட்டுப் பேசறேன். மூணாவதுல வாத்தியார் சொன்ன இடத்துல நிறுத்தறேன். நான் டிரம்ஸ் வாசிக்கறவங்க. ஒரு முடிவுலகூட வாசிக்கலையே?"

காகிதங்களை அடுக்கி, விரிப்பை மடிப்பதுபோல் ஓரம் பார்த்து நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

6

அவளோடு கீழே இறங்கினேன். படிக்கட்டில் பாடகி மட்டும் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இடி அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். நான் மேலேயே நின்றுவிட்டேன். போயிருக்க வேண்டும், போகவில்லை.

"அன்னிக்கு உனக்காக நிறுத்தலடி," என்றாள் இடி. "தலையாட்டினேன், பொய். நீ பாடறதைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். வாசிக்க மறந்துட்டேன்."

பாடகி விசிறுவதை விட்டுவிட்டாள். நான் இரண்டாவது முடிவு வந்துவிடுமோ என்று பயந்தேன். அழவில்லை அவள். கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நீ எனக்கு வழி விட்டேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அந்த நன்றிக்குத்தான் எங்க அண்ணனையே உனக்குக் குடுத்தேன்."

"அவரைத் திருப்பி எடுத்துக்கறியா?"

"வேணாம். வெச்சுக்கோ." பிறகு, வேறு குரலில்: "மறக்கற அளவுக்கா கேட்டே?"

"ம்."

"அப்ப கச்சேரியில?"

"கச்சேரியில எண்ணிட்டு இருந்தேன்."

பாடகி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். கோபமா, சந்தோஷமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கற்பனை செய்யலாம், இன்றைக்கு வேண்டாம்.

உள்ளே மூன்று கைகள் விழுந்தன. இடி புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாலாவது கையை வைத்தாள். கையை வைத்தபடியே, "எண்ண மாட்டேன்," என்றாள்.

"எண்ண வேணாம், நான் கையைக் காட்டறேன்," என்றார் வாத்தியார் சந்தோஷமாக. "நிறுத்தறதுக்கு ஒரு தடவை, ஆரம்பிக்கறதுக்கு ஒரு தடவை. தெளிவா இருக்கா?"

அவள் குச்சிகளை எடுத்தாள்.

நான் கிளம்புவதற்கு முன் அவள் காதருகே குனிந்து ஒன்று கேட்டேன். கேட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். "அந்த இடத்துல நீங்க நிறுத்தினா, நானும் அங்கயே கதையை முடிச்சுப்பேன். அந்த அமைதியோட. எனக்காக."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரி என்ற சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

7

இப்போது மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். புகார்க் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு விரல் அளவு இடம் மிச்சம் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்குப் போதும்.

முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதை மூன்று தடவை வாசித்தார்கள், யாரோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. எனக்குக் கண் சொருகுகிறது. மூன்றாவது பாட்டு.

நான் இதுவரை கேட்காத குரல். கரகரப்பான, கனமான, கொஞ்சம் பின்தங்கி வருகிற குரல். ரயில் நிலையத்திலும் இது இல்லை, ஆல்பத்திலும் இல்லை. முதல் சரணம். தண்ணீரில் வட்டங்கள். இரண்டாவது சரணம். கீழே வாத்தியார் கையை உயர்த்தியிருப்பார்.

கிதார் நின்றது. பேஸ் நின்றது. குரல் தனியாகப் போக வேண்டிய இடம். நான் பேனாவை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்துக் காத்திருந்தேன்.

குரல் தனியாகப் போகவில்லை. தண்ணீரில் வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சின்னதாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தன. எதிரில் நிற்பவள் மூச்சு விடும் நேரம் பார்த்து, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி முன்னே நடந்து வருகிற மாதிரி.

வாத்தியார் இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். நானும் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை.

இடி வாசித்துக்கொண்டே இருந்தாள்.